பெரியவன் ஒரு மாதிரி, சின்னவன் ஒரு மாதிரி

மேடம், வணக்கம்.

சந்தூர் பக்கம் எங்கள் ஊர். மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்பதுதான் பிழைப்பு. இரண்டு பையன்கள், நாலு வயது வித்தியாசம். பெரியவன் ஓசூரில் கம்பெனி வேலை. மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். சின்னவனுக்கு 26. அவன் பிறந்த வருஷம்தான் போர் போட்டுக் கடனில் விழுந்தோம். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, கூட்டாளிகளோடு மாங்காய் லோடு ஏற்றப் போகிறான். கையில் காசு தங்காது. மூக்குக்கு மேல் கோபம். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, ஆறிப்போன களியை நின்றபடியே தின்பான். ஆனால் "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறவன் அவன்தான்.

போன மாதம் ஒரு விசேஷத்தில் என் நாத்தனார் "வளர்ப்பு அப்படி" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஒரே தாய்மரத்து ஒட்டெல்லாம் ஒரே காய்தானே காய்க்கிறது? ஒரே வயிறு, ஒரே சோறு. நான் எங்கே தப்பு செய்தேன்?

– ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

அம்மா,

ஒட்டுக்கன்று தாய்மரத்தின் நகல். பிள்ளைகளோ கொட்டையில் முளைத்தவர்கள். ஒரே மரத்துக் கொட்டைகளை நட்டால் காய் ஒன்றுபோல வராது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரட்டையர்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த 2,700க்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி மரபணுவால் வருகிறது என்று தெரிந்தது. இது ஊர்க்கணக்கு, உங்கள் சின்னவனைப் பாதி இது, பாதி அது என்று பிரிக்க உதவாது. சரி, மீதி வளர்ப்புதானே என்பீர்கள். அதுதான் இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்தார்கள் என்பதால் மட்டும் சுபாவம் ஒன்றுபோல ஆவது, பெரியவர்களான பிறகு மிகக் குறைவு.

யோசித்தால், அது ஒரே வீடா? பெரியவன் நாலு வயதுவரை கடன் இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளை. சின்னவன் கண் விழித்ததே கடனிலும், "அண்ணனைப் பார்" என்ற பேச்சிலும். (சொன்னீர்களா என்று தெரியாது. சொல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.)

அப்புறம் கூட்டாளிகள். பிள்ளைகளை வடிப்பது பெற்றோரைவிடச் சேக்காளிகள்தான் என்று ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1995இல் எழுதி, பெரிய சண்டையையே கிளப்பினார். நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரோடு சேர்வது என்பதையும் பிள்ளையின் சுபாவம்தானே பாதி முடிவு செய்கிறது? ஆனால் அவர் சொன்ன இன்னொன்று சரி: பெற்றோர் நடத்தும் விதம், பிள்ளை பெற்றோரிடம் எப்படி இருக்கிறான் என்பதில் நன்றாகவே தெரியும். அந்தக் களித் தட்டோடு நிற்கிறவனை நாத்தனார் பார்த்திருக்க மாட்டார்.

சின்னவன் கோபத்தில் கை ஓங்குகிறான், குடிக்கிறான் என்றால் மறைக்காமல் எழுதுங்கள், அது வேறு பேச்சு. எனக்கென்னவோ பெரியவன்மேல்தான் கண் போகிறது. இந்த ஞாயிறு அவனுக்குப் போன் போட்டு, பணத்தைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் எடுக்காமல் கால் மணி நேரம் பேசிப் பாருங்கள். என்ன பேசினான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.