மழை ஊரில் துணிக்கூரைக் கார்

கேள்வி: பர்மிங்ஹாமில் மருத்துவமனை வேலை, ஷிஃப்ட் முறை. 2016-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று, துணிக்கூரை உள்ளது, விலைக்கு வந்திருக்கிறது. நெடுநாள் ஆசை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். கார் தெருவில்தான் நிற்கும். "இந்த மழை ஊரில் கூரை திறக்கிற கார் யாராவது வாங்குவார்களா?" என்கிறார் அம்மா. இதை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?
- ஒரு வாசகி

பதில்: அம்மா பயப்படுவது மழைக்கு. எனக்கு மழை பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மூடிவிட்டால் அது மற்ற கார்களைப் போலத்தான், மோட்டார்வேயில் இரைச்சல் மட்டும் கூடுதல். 1989-இல் வந்த முதல் மாடலில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், நாளாக மங்கி மடிப்பில் விரிசல் விடும். நீங்கள் பார்க்கும் வண்டியில் அசல் கண்ணாடி, ஈரப்பனி போக்கச் சூடாக்கும் கம்பியும் உண்டு. நடுவில் ஒரே ஒரு கொக்கிதான். அதை விடுவித்து, உட்கார்ந்தபடியே ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம்.

திறந்து ஓட்ட வெயில் வேண்டும் என்பதும் தப்பு. உச்சி வெயிலில் மண்டை காயும். குளிர்ந்த, மழையில்லாத காலையில் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, காலடியில் ஹீட்டரைப் போட்டு, தலையில் ஒரு குல்லாயோடு ஓட்டிப் பாருங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அந்தச் சுகம் தனி.

கூரையின் உண்மையான எதிரி மரத்து இலை. துணியில் வழியும் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய்கள் வழியாக அடியில் இறங்குகிறது. இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். கார்ப்பெட் நனைந்து நாறும், அப்புறம் துரு. இலையுதிர் காலத்தில் அவ்வப்போது பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், மரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஈரக் கூரையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிரஷ் சுழலும் கார் வாஷ் பக்கம் போகவே வேண்டாம். மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். எப்போதாவது துணிக்கான நீர்காப்புத் திரவம் பூசினால் சரி.

தெருவில் நிறுத்துவதால் உள்ளே பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்து பவுண்ட் குடைக்காகத் துணியைக் கிழிப்பவர்கள் உண்டு, கூரை மாற்றும் செலவு வேறு கணக்கு. எதையும் மறைத்து வைக்க முன்னால் டேஷ்போர்டில் பெட்டியே கிடையாது, இருக்கைகளுக்கு நடுவே பின்பக்கம் சின்னதாக ஒன்று, அவ்வளவுதான். இதை யார் யோசித்தார்களோ!

சரி, ஒரே காராக முடியுமா? இரண்டே இருக்கை, டிக்கி 130 லிட்டர். வாரச் சாமான் கொள்ளும். ஊரிலிருந்து விருந்தாளி பெரிய சூட்கேஸோடு ஏர்போர்ட்டில் இறங்கினால் டாக்ஸிதான். ஸ்டெப்னியும் இல்லை, பஞ்சர் ஒட்டும் திரவம்தான் தருகிறார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

எனக்குச் சந்தேகம் அம்மாவின் முழங்காலில்தான். இருக்கை தரையோடு தரையாக இருக்கும். வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட்டை அழுத்தி ஈரம் பாருங்கள், கூரையை இரண்டு முறை திறந்து மூடி மடிப்பில் தேய்மானம் பாருங்கள். அதற்குள் அம்மா ஏறி இறங்கிப் பார்க்கட்டும். கை கொடுக்காமல் அவரால் எழுந்து வர முடிந்தால் விலை பேசுங்கள். முடியாவிட்டால் நான்கு இருக்கை உள்ள மினி கன்வெர்ட்டிபிளைப் போய்ப் பாருங்கள். அதில் இருக்கை கொஞ்சம் உயரம்.