சகதியில் மாட்டிய பிக்கப்பை இழுக்க, பெல்ட்டை எங்கே மாட்டுவது?

கேள்வி: குலசேகரத்துக்கு மேலே எங்களுக்கு ரப்பர் விளை இருக்கிறது. ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றப் போகும் பொலேரோ பிக்கப், மழைக்காலத்தில் இறக்கத்துச் சகதியில் மாட்டிக்கொள்கிறது. போன ஐப்பசியில் பக்கத்து விளைக்காரர் டிராக்டரை வைத்து இழுத்தார். முன் பம்பர் கழன்று வந்துவிட்டது. பின்னால் ஒரு டோ பால் (டிரெய்லர் மாட்டுகிற இரும்பு உருண்டை) மாட்டினால் போதும் என்கிறார்கள். கையில் இருப்பது தேங்காய்ப்பட்டணத்தில் வாங்கிய படகு வடம். எங்கே கட்டுவது, என்ன வாங்குவது?

பதில்: பம்பர் மட்டும் போனது உங்கள் நல்ல நேரம். டோ பால் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த உருண்டை, ரோட்டில் டிரெய்லரைச் சீராக இழுத்துப் போவதற்கு உள்ளது. சகதியில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும்போது வருகிற விசை அதைவிடப் பல மடங்கு. உருண்டையின் கழுத்து முறிந்தால், இழுபட்ட கயிறு அந்த இரும்பைக் கவணில் வைத்த கல் மாதிரி வீசும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன.

சரி, எங்கே மாட்டுவது? மழை இல்லாத ஒரு நாள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடுகிற இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள்தான் சேஸ். அதில் நேராக போல்ட் போட்டு இறுக்கிய தடித்த கொக்கியோ வளையமோ இருந்தால், அதுதான் இழுக்கிற இடம். பக்கத்தில் மெல்லிய தகட்டில் நீள்வட்ட ஓட்டை தெரியலாம். அது லாரியில் ஏற்றும்போது வண்டியை அசையாமல் கட்டி வைப்பதற்கு. பார்க்கக் கொக்கி மாதிரியே இருப்பதால் பலர் அதில் ஏமாந்துபோகிறார்கள். துரு ஏறியிருந்தாலோ, போல்ட் ஆடினாலோ, யாரோ பின்னால் வெல்டிங் வைத்த தடம் தெரிந்தாலோ அதை நம்பாதீர்கள். கொக்கியே இல்லையென்றால், உங்கள் மாடலுக்கென்று செய்த, எத்தனை டன் தாங்கும் என்று பொறித்த கொக்கியை ஹை டென்சில் போல்ட் போட்டு சேஸில் மாட்டச் சொல்லுங்கள். முன்னால் கம்பி கார்டு வைத்து அதில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது.

ஒருமுறை எங்கள் பட்டறைக்கு ஒரு ஜீப் வந்தது. ஸ்டியரிங் நேராக இருந்தது, முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தன. கயிறு கட்டக் கைக்கு எட்டியது, முன் சக்கரங்களைத் திருப்புகிற டை ராட் கம்பி; அதில் கட்டி இழுத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் பிளேட், அதைச் சேஸோடு பிணைக்கிற ஷேக்கிள், ஆக்ஸில் எதில் கட்டினாலும் இதே கதைதான். பின் ஆக்ஸில் மேலேயே பிரேக் பைப் ஓடுகிறது. அது நசுங்கியது தெரியாமல் இறக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சின்னக் கார் இருந்தால், ஸ்டெப்னி டூல் பையில் முறுக்கி மாட்டும் வளையம் ஒன்று கிடக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, முழுவதும் முறுக்கி மாட்ட வேண்டும். சில வண்டிகளில் மரை இடப்பக்கம் சுற்றும். நேராக, மெதுவாக இழுக்க மட்டுமே அது.

இழுக்கிற டிராக்டரில் எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எனக்குப் பெரிய பயம். பின்னால் கீழே உள்ள டிராபார் என்ற இழுவைச் சட்டத்தில் மட்டும்தான் மாட்ட வேண்டும். மேலே, கலப்பையின் மேல் கம்பியை மாட்டுகிற டாப் லிங்க் பக்கம் மாட்டினால், சகதி வண்டியைப் பிடித்துக்கொள்ள, டிராக்டரின் மூக்கு தூக்கிக்கொண்டு ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும், குதிக்க நேரமிருக்காது.

படகு வடம் வேண்டாம். வெயிலில் கிடந்து உள்ளே நொறுங்கியது வெளியே தெரியாது. முடிச்சுப் போட்டால் வலுவில் பாதி வரை போய்விடும். சங்கிலியும் வேண்டாம். அது இழுபடாது, அதனால் ஒரு வெட்டிலேயே கண்ணி தெறிக்கும். டிராக்டர் மெதுவாக இழுக்கப்போகிறது என்பதால் உங்களுக்கு வேண்டியது பாலியஸ்டர் பெல்ட். லிஃப்டிங் பெல்ட் விற்கிற கடையில் நிறத்தைப் பாருங்கள்: பச்சை 2 டன், மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. உங்கள் பிக்கப்புக்கு மஞ்சளுக்குக் கீழே போகாதீர்கள். ரப்பர் மாதிரி நீளுகிற நைலான் ஸ்னாட்ச் பெல்ட்டும் உண்டு. அது ஏறக்குறைய 20 சதவீதம் நீண்டு, சேர்த்த விசையில் வண்டியைச் சுண்டி எடுக்கும். இரண்டு வண்டியிலும் சரியான கொக்கியும் பழகிய ஓட்டுநரும் இருந்தால்தான் அதை எடுக்க வேண்டும். டிராக்டரோடு ஒருபோதும் வேண்டாம்.

முன்னால் இரண்டு கொக்கி இருந்தால் இரண்டிலும் பெல்ட் போட்டு நடுவில் சேர்த்து இழுங்கள். சேருகிற கோணம் குறுகலாக இருக்கட்டும். 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு கொக்கியும் முழு விசையையும் தாங்க வேண்டிவரும், பிரித்துக்கொடுத்த பயனே இல்லை.

பெல்ட்டைக் கொக்கியில் இணைக்க வில் ஷேக்கிள், அதாவது குறுக்கே பின் முறுக்கும் வளைந்த இரும்பு வளையம், வாங்கும்போது கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உடம்பில் 3.25 டன் அல்லது 4.75 டன் என்று எழுத்து புடைத்து நிற்க வேண்டும். எழுத்தில்லாதது வாளி தொங்கவிடத்தான் ஆகும். பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடுங்கள். இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்றவே வராது. இரண்டு பெல்ட்டைச் சேர்க்க ஷேக்கிள் போடாதீர்கள், ஒன்றின் கண்ணுக்குள் மற்றொன்றைக் கோர்த்துவிடுங்கள்.

இழுப்பதற்கு முன்னால் மம்பட்டியை எடுங்கள். நம்மூர்ச் செம்மண் நனைந்தால் டயரைப் பிடித்து உறிஞ்சிக்கொள்ளும். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் சரிவாக வெட்டி, அடியில் தட்டிநிற்கிற மண்ணையும் தோண்டிவிட்டால், இழுக்க வேண்டிய விசையில் பெரும்பகுதி குறைந்துபோகும். சரக்கையும் இறக்குங்கள். அப்புறம் பெல்ட்டின் நடுவே நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தாலும் பாய்ச்சல் குறையும். வேடிக்கை பார்க்கிறவர்கள் பெல்ட் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும். பெல்ட் போகிற நேர்க்கோட்டில் யாரும் கூடாது, அதைத் தாண்டவும் கூடாது. டிராக்டர் முதல் கியரில் தொய்வை எடுத்து, பெல்ட் இறுகியபின் சீராக இழுக்க வேண்டும். இரண்டு தடவையில் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி தோண்டுங்கள்.

வேலை முடிந்ததும் பெல்ட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உள்ளே நிற்கிற மணல் நூலை அறுக்கும். ஓரத்தில் விரல்நக அளவு வெட்டுத் தெரிந்தாலும் அதோடு அந்தப் பெல்ட்டுக்கு ஓய்வு.