35 வருட ஏசிஎஸ்ஆர் கம்பி: தொய்வு கூடினால் பலம் போய்விட்டதா?

இல்லை, தொய்வு கூடியதை மட்டும் வைத்து பலம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஏசிஎஸ்ஆர் என்பது நடுவில் எஃகும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் முறுக்கிய மின்கம்பி. 35 வருடம் இழுவிசையில் தொங்கிய அலுமினியம் மெல்ல நீளத்தான் செய்யும். நீளம் கூடுவது வேறு, பலம் குறைவது வேறு.

பலத்தைத் தின்பது வயதைவிடச் சூடுதான். லைன் அதிக லோடில் ஓடி, கம்பி அடிக்கடி 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போயிருந்தால் அலுமினிய இழைகள் மென்மையாகிப் பலம் இழந்திருக்கும். ஆறினாலும் அந்த இழப்பு திரும்பாது, சேர்ந்துகொண்டே போகும். நடுவிலுள்ள எஃகுக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. அதன் எதிரி துரு.

பழைய லோடு பதிவுகளைப் பாருங்கள். அப்புறம் லைனை நிறுத்தி, தொங்கு கிளாம்புக்கு (கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் பிடி) அடியிலிருந்து ஒரு துண்டு, நடு ஸ்பானிலிருந்து (இரு கோபுரங்களுக்கு நடுவே) ஒன்று வெட்டி எடுத்து முறுக்கைப் பிரியுங்கள். உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அலுமினியம் அரிக்கிறது. எஃகில் செந்நிறம் தெரிந்தால் துத்தநாகப் பூச்சு போய்விட்டது. ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இழுத்துச் சோதியுங்கள், சராசரியை நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும்: நடு ஸ்பான் துண்டு நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காற்றதிர்வில் இழை விரிசல் விடுவது கிளாம்பு வாயில்தான், வெளியே தெரியாது. ஜாயின்ட்டுகள் தனிக் கதை, அவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.