கண்ணிலிருந்து தொடங்க வேண்டாம்

வணக்கம் அம்மா.

தென்காசிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லோயர், ஹையர் என்ற அரசு ஓவியத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தே காலம் போய்விட்டது. இப்போது எங்கள் ஊர் வாசகர் வட்டத்தினர் பெரியவர்களுக்காக இரண்டு நாள் நீர்வண்ண முகச்சித்திரப் பயிலரங்கு நடத்தித் தரும்படி கேட்கிறார்கள். வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள் என 15 பேர் வரை சேரலாம். ஒவ்வொருவரும் பேரன் படமோ மறைந்த அம்மாவின் படமோ கையோடு கொண்டுவருவார்கள். அதை வரைந்து முடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் நினைப்பார்கள்.

என் சந்தேகங்கள் இவை. நான் கட்டம் போட்டு வரையச் சொல்லிக்கொடுத்தவன். படத்தின் மேலேயே கோடிழுத்து டிரேஸ் எடுப்பது ஏமாற்று வேலை என்று மாணவர்களைக் கண்டித்தும் இருக்கிறேன். இரண்டே நாளில் என்ன செய்வது? அடுத்தது, நான் கலக்கும் தோல் நிறம் ஒன்று சேறாகிறது, இல்லையென்றால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிப்போகிறது. கடைசியாக, சான்றிதழ் கொடுக்கலாமா? சேருபவர்கள் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

- தென்காசியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள மாஸ்டர்,

டிரேஸ் எடுக்க விடுங்கள். முதல் நாள் காலையில், எல்லோரையும், கூச்சமில்லாமல்.

உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். ஆனால் முகத்தை அளவு பிசகாமல் வரைவதும், தண்ணீரில் கரைந்த வண்ணத்தைத் தாளில் கட்டுப்படுத்துவதும் இரண்டு தனித்தனி வித்தைகள். முதலாவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. இரண்டு நாளில் இரண்டையும் கற்றுத்தரப் போனால் மூக்கு எங்கே முடிகிறது என்பதிலேயே முதல் நாள் தீர்ந்துவிடும். தவிர, வரையத் தெரியாதவர் ரப்பரை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். நீர்வண்ணத் தாளின் மேல் ஒரு பசைப்பூச்சு உண்டு. தண்ணீரை உடனே உறிஞ்சவிடாமல் மேலேயே நிறுத்திவைப்பது அதுதான். ரப்பர் அதைச் சிராய்த்துவிட்டால், வண்ணம் அந்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்கித் திட்டாகும். கன்னத்தில் தேமல் விழுந்ததுபோல் இருக்கும். கட்டம் போட்டாலும் அழிக்க வேண்டிய கோடுகள் மிஞ்சும்.

கார்பன் தாள் மட்டும் வேண்டாம். அதன் மெழுகு வண்ணத்தை ஒட்டவிடாது. புகைப்படத்தின் அச்சுப் பிரதியைத் திருப்பிப் பின்பக்கம் 4பி பென்சிலால் தேய்த்து, நேரே வைத்து லேசாக அழுத்தி வரைந்தால் போதும்.

ஜாடை கண்ணில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பயிலரங்குகளில் நான் தவறாமல் பார்க்கும் காட்சி இது: தூரிகையைக் கொடுத்ததும் கண்ணைத்தான் வரைவார்கள், இமை முடி உட்பட. மதியச் சாப்பாட்டு வேளைக்குள் வெள்ளைத் தாளில் ஒற்றைக் கண் ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் அந்தக் கண்ணைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் சுற்றியுள்ள முகமெல்லாம் வெளிறிப்போகும். தெருக்கோடியில் வருபவரை நாம் கண்ணைப் பார்த்தா அடையாளம் கண்டுகொள்கிறோம்? நெற்றியின் வெளிச்சம், கண்குழியின் இருட்டு, தாடைக்குக் கீழே விழும் நிழல் இவை போதும். ஆகவே முதல் நாள் முழுவதும் ஒரே ஒரு வண்ணம் கொடுங்கள். பர்ன்ட் அம்பர் நல்லது. வெளிச்சம் என்றால் தாளின் வெள்ளை, நிழல் என்றால் அந்தப் பழுப்பு, வேறு எதுவும் கிடையாது. கண்குழியில் தொடங்கும் நிழலை மூக்கின் பக்கவாட்டில் இறக்கி, மேலுதட்டில் சேர்த்து, கீழுதட்டை வெளிச்சத்துக்கு விட்டுவிட்டு, அதன் அடியிலிருந்து தாடை வழியாகக் கழுத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே ஈரத்தில், ஒரே நிழலாகச் சேர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கென்று தனியாக எதையும் வரைய வேண்டியதில்லை. முணுமுணுப்பார்கள். சாயங்காலம் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, பத்தடி தள்ளி நிற்கவைத்தால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

இதற்குப் புகைப்படம் சரியாக இருக்க வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் நிழலே இருக்காது. செல்போன் அழகாக்கித் தரும் படத்தில் தோலே இருக்காது. கைநீட்டும் தூரத்தில் எடுத்த செல்பியில் மூக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும், காதுகள் பின்வாங்கிவிடும். எல்லோருக்கும் நீங்களே ஒரே படத்தைக் கொடுங்கள். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் அமர்ந்த வயதானவர் படம், பல் தெரியாமல். பல் தெரியச் சிரிக்கும் முகம் தேர்ந்தவர்களுக்கே தொல்லை.

அப்படியென்றால் அம்மாவின் படம்? அதைக் கொண்டுவருபவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். பெரும்பாலும் அது ஸ்டூடியோவில் நேர்வெளிச்சத்தில் எடுத்து, கைவேலைக்காரர் சுருக்கங்களையெல்லாம் நிரவிவிட்ட படமாக இருக்கும். பிடித்துக்கொள்ள அதில் நிழல் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், வரைபவருக்குக் கை நடுங்கும். தப்பாகிவிடக் கூடாத முகம் அது. நீர்வண்ணமோ தப்பாகிவிட்டால் ஆகட்டும் என்று வைப்பவருக்குத்தான் வசப்படும். படத்தை வாங்கிப் பாருங்கள், அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை கேளுங்கள், வீட்டில் போய் நாலைந்து முகம் வரைந்துவிட்டு இதை எடுக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘முடித்து எடுத்துக்கொண்டு போகலாம்’ என்று அழைப்பிதழில் மட்டும் போட்டுவிட வேண்டாம்.

இனி தண்ணீர். உண்மையில் நீங்கள் கற்றுத்தரப்போவது இதைத்தான். ஈரத் தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் இன்னும் வண்ணம் விடலாம், தானாகப் பரவிக் கரையும். பளபளப்பு மங்கி, பட்டுத்துணிபோல் லேசான மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது கெட்டியான வண்ணம் வைத்தால் ஓரம் மெதுவாக மழுங்கும். கன்னம் திரும்பும் இடத்துக்கு அது தேவை. ஆனால் அதே நேரத்தில் தண்ணீர் கூடுதலாக உள்ள தூரிகையை வைத்தால் கதை முடிந்தது. புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தை விளிம்புக்குத் தள்ளி, காலிபிளவர்போல் ஓரம் சுருண்ட கறை பூத்துவிடும். மினுமினுப்பும் போனபின் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, தொடக்கூடாது. முகம் சேறாவதற்கு நிறக்கலவையைக் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை பாதிச் சேறு இப்படி அரைகுறையாகக் காய்ந்த தாளில் கைவைப்பதால் வருவது.

சாரல் பருவத்தில் நடத்துவதாக இருந்தால் தாள் காயவே காயாது. ஹேர் டிரையர் இரண்டு வாங்கி வையுங்கள், குளம்கட்டிய ஈரத்தில் ஊதாமல் பளபளப்பு போனபின் ஊதச் சொல்லுங்கள். சித்திரை வெயில் என்றால் நேர்மாறு. மின்விசிறியை நிறுத்தாவிட்டால் நெற்றியைப் பூசி முடிப்பதற்குள் தாடை காய்ந்துவிடும்.

காயவைத்துக் காயவைத்து மேலே எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம் என்பதற்கு வங்காளத்து ‘வாஷ்’ முறையே சாட்சி. 1903இல் ஜப்பானிலிருந்து கல்கத்தா வந்த ஓவியர் யோகோயாமா டைக்கானின் வேலையைப் பார்த்த வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர், வரைந்த படத்தையே தண்ணீரில் நனைத்து, காயவைத்து, மறுபடி வரையும் முறையை உருவாக்கிக்கொண்டார். காய்ந்த வண்ணம் அவ்வளவு தாங்கும். அரை ஈரம்தான் தாங்காது.

தோல் நிறத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் ஒரு வெளிர் ஆரஞ்சுக் கிரேயானை எடுத்து ‘ஸ்கின் கலர்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைப் பிடித்திருக்கும் கையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் ‘தோல்’ என்ற பொருளில் வைத்திருந்த பெயரை 1962இலேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. நாம் இன்னும் விடவில்லை. டியூபில் வரும் ‘பிளெஷ் டின்ட்’ எதையும் பயிலரங்குக்குள் விடாதீர்கள். வெள்ளையையும் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கலவை சுண்ணாம்பாவதற்கு வெள்ளைதான் காரணமாக இருக்கும். கறுத்த தோலை வெளிச்சத்தில் காட்ட வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். நிறத்தை வெளிறவைக்க வேண்டியது தண்ணீர்.

நான் கொடுப்பது நான்கே வண்ணங்கள்: யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம். ஓக்கரும் சியன்னாவும் இரும்பு கலந்த மண், வெயிலில் வெளுக்காது. கிரிம்சனில் மட்டும் எச்சரிக்கை தேவை. அலிசரின் என்று பெயரிட்ட பழைய வகை நாளடைவில் வெளுத்துவிடும், குயினாக்ரிடோன் வகை நிற்கும். நான்கு போதுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னைக் காட்டுங்கள். நீர்வண்ணத்தில் பெயரெடுத்துவிட்டு எண்ணெய் வண்ணத்துக்குப் போனவர். எண்ணெயில் வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு என்ற நான்கைக்கொண்டு முகங்களைத் தீட்டியதற்காகவே இன்றும் பேசப்படுகிறார்.

நம் ஊர் மாநிறத்துக்கு முதல் பூச்சு ஓக்கரும் சியன்னாவும், தண்ணீர் நிறைய. ஈரமாக இருக்கும்போதே மூக்கு நுனி, கன்னம், காது மடல் மூன்றிலும் கிரிம்சனை ஒரு துளி தொட்டுவிட வேண்டும். ரத்தம் ஓடும் இடங்கள் அவை. காய்ந்தபின் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்த்து நிழல். இந்த இரண்டையும் கலக்கும்போது தட்டை உற்றுப் பாருங்கள். சியன்னா தூக்கலாக இருந்தால் கருப்பட்டிப் பழுப்பு, நீலம் தூக்கலானால் மழைமேகச் சாம்பல், நடுவில் ஓரிடத்தில் கறுப்பு டியூபால் ஒருபோதும் தர முடியாத உயிருள்ள கறுப்பு. தட்டில் முழுக்கக் கலந்துவிடாமல் தாளிலேயே பாதி கலக்க விட்டால், நிழலுக்குள் பழுப்பும் நீலமும் தனித்தனியாக எட்டிப்பார்க்கும். அது சேறு அல்ல. நான்கையும் தட்டில் போட்டுக் கிண்டுவதுதான் சேறு.

நன்றாகக் கறுத்த முகத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்று. வெளியில் உட்கார்ந்திருக்கும் கறுத்த மனிதரின் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பு மஞ்சளாக இருக்காது. வானத்தின் நீலம் அது. அந்த இடத்தில் முதல் பூச்சு ஏறாமல் தாளை விட்டுவைத்து, கடைசியில் மிக மெல்லிய அல்ட்ராமரின் ஒரு பூச்சு கொடுங்கள். பக்கத்தில் சியன்னா இருக்கும்போது முகம் சட்டென்று திரண்டுவிடும். 2021இல் கொரோனாவுக்கு நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை உங்கள் மாணவர்களுக்குக் காட்டலாம். எண்ணெய் வண்ணம்தான், ஆனால் நம் தோலின்மேல் வெளிச்சம் எப்படி உட்காருகிறது என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

நீர்வண்ணம் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அதனால் நிழலை ‘ஐயோ, அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

பொருள்களில், வண்ணத்தில் சிக்கனம் பார்க்கலாம், தாளில் கூடாது. பள்ளியில் பயன்படுத்தும் கேமல் டியூப்களே பயிற்சிக்குத் தாராளம். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் கனத்தில், முழுப் பருத்தியாக இருக்கட்டும். விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். 22க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினொன்று கிடைக்கும், ஒரு முகத்துக்கு அது போதும். ஆளுக்கு ஒரு முழுத் தாள். பள்ளி டிராயிங் ஷீட்டில் இதில் எதுவும் நடக்காது, உங்கள் மாணவர் தனக்குத்தான் கைவரவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார்.

நீங்கள் வரைந்துகாட்டும்போது அரைமணிக்குமேல் வேண்டாம், முடித்தும் காட்ட வேண்டாம். முடித்த படத்தைப் பார்த்தால் முகத்தை விட்டுவிட்டு உங்கள் படத்தைப் பார்த்து வரைவார்கள். அவர்கள் தாளில் உங்கள் தூரிகை படவும் கூடாது. திருத்தம் வேண்டுமானால் துண்டுத் தாளில் செய்துகாட்டுங்கள். தேர்வுக்குத் தயார் செய்த கைக்கு இதுதான் மிகவும் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு மணி நேரமாவது உயிருள்ள முகத்தை உட்காரவையுங்கள். மண்டபக் காவலரோ பூக்காரம்மாவோ, யார் சம்மதித்தாலும் சரி. 20 நிமிடம் அமர்வு, இடையில் ஓய்வு, அன்றைய கூலிக்குக் குறையாத பணம். அதை வாசகர் வட்டத்தின் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். உயிருள்ள முகத்துக்கு டிரேஸ் கிடையாது, படங்கள் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். நிழலை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

சான்றிதழ் கொடுங்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘பயின்று தேர்ந்தார்’ என்று அச்சடிக்காமல் ‘கலந்துகொண்டார்’ என்று போடுங்கள்.

அன்புடன்.