பிரிட்டனில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் பார்சல் அனுப்பினால் தபால் பெட்டிக்குள் நுழையுமா?

தடிமனை முதலில் பாருங்கள். அங்கே பல வீடுகளில் தனிப் பெட்டியே கிடையாது. வாசல் கதவில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்கு ஸ்பிரிங் வைத்த மூடி. தள்ளினால் உள்ளே கால்மிதிமேல் பொத்தென்று விழும்.

பிரிட்டனின் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் 'பெரிய கடிதம்' வகைக்கு உச்ச அளவு 35.3 × 25 × 2.5 செ.மீ., எடை 750 கிராம். அதற்குள் அடங்கும் மெல்லிய புத்தகம், மடித்த டி-ஷர்ட் எல்லாம் பெரும்பாலும் போய்விடும். பழைய கதவின் குறுகிய திறப்பில் அதுவும் முட்டலாம். 'சிறிய பார்சல்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது 16 செ.மீ. தடிமன் வரை இருக்கும். முறுக்கு டப்பாவா? சரி, அதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள், அல்லது சீட்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துப் போவார்கள்.