பில்லில் இருக்கிறது, வண்டியில் இருக்கிறதா?

கேள்வி: கம்பெனி சர்வீஸில் ஆயில், ஃபில்டர் எல்லாம் உண்மையாகவே மாற்றுகிறார்களா? போதாததற்கு இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங்கும் பில்லில் ஏறுகிறது.

பதில்: வண்டியை விடும் முன் ஏர் ஃபில்டர் ஓரத்தில் மார்க்கரால் சின்னக் கோடு போடுங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே (சர்வீஸ் வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதவையுங்கள். எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து 5 நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறம். டீசலில் நிறத்தை நம்பாதீர்கள், சீக்கிரமே கறுத்துவிடும். ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே சார்' என்பார்கள். நல்லதில்லை, எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து ஆயில் நுரைத்துவிடும். அங்கேயே வடிக்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் கிளீனிங்கா? கையேட்டு அட்டவணையில் இல்லை, வண்டியும் திணறவில்லை என்றால் வேண்டாம் எனலாம்.