முதலில் டேப்பை எடுங்கள்: ஹாலுக்குப் பெரிய டிவி, கேள்வி பதில்

டிவி பழுது பார்க்கும் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சி: ஹால் 10-க்கு 14. 55 இன்ச்சா, 65 இன்ச்சா?

ஹால் அளவை வைத்துச் சொல்ல முடியாது. சோபாவில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை அடி? டேப் பிடித்து அளந்து, அந்த அடியை 8-ஆல் பெருக்குங்கள். 4கே டிவிக்கு அதுதான் பொருத்தமான இன்ச். 7 அடி என்றால் 55, 8 அடி என்றால் 65. உங்கள் ஹாலில் 10 அடிப் பக்கமாகப் பார்த்தால், சோபா போக 7 அடிதான் தேறும்.

இன்னொன்றும் பாருங்கள். வீட்டில் ஓடுவது சாதாரண எஸ்டி சேனலா? அதில் இருப்பது 576 வரிகள். 4கே திரையில் 2160. இல்லாத வரிகளை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக முகமெல்லாம் மெழுகு பூசியது போல் தெரியும். புது டிவி மங்கலாக இருக்கிறது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். 65-க்கு வைத்த பணத்தில் 55 வாங்கி, மீதியை எச்டி பாக்ஸுக்கும் பேக்குக்கும் போடுங்கள்.

சேலம்: ஓஎல்இடி, கியூஎல்இடி என்ன வித்தியாசம்?

பெயர்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. கியூஎல்இடி என்பது எல்சிடிதான். பின்னால் விளக்கு, அதற்கு முன்னால் நிறத்தைக் கூட்டும் குவாண்டம் டாட் படலம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது, அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு அதற்கு ஈடு எதுவுமில்லை.

ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே நியூஸ் சேனல் ஓடும் வீட்டுக்கு வேண்டாம். மூலையில் நிற்கும் லோகோவும் கீழே உள்ள செய்திப் பட்டையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால், அந்தப் புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும். அதைச் சரிசெய்ய முடியாது. பேனலையே மாற்ற வேண்டும், செலவு புது டிவி விலையை நெருங்கும். பகல் வெளிச்சம் நிறைய வரும் ஹாலுக்கு மினி எல்இடி, அதாவது பின்விளக்காக நிறையக் குட்டி எல்இடிகள் வைத்த எல்சிடி டிவி பாருங்கள்.

நாகர்கோவில்: 8கே வாங்கலாமா?

வேண்டாம். 4கே-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கும், ஆனால் 8கே-யில் வரும் சேனல் நம் நாட்டில் இல்லை.

தஞ்சாவூர்: ஷோகேஸுக்கு மேலே 6 அடி உயரத்தில் மாட்டலாமா? சின்னக் குழந்தை இருக்கிறது.

மாட்டாதீர்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்கு நேராக வர வேண்டும். 55 இன்ச் திரையின் உயரம் இரண்டேகால் அடி. அதனால் அதன் கீழ் விளிம்பும் தரையிலிருந்து இரண்டேகால் அடியில் நின்றால் சரி.

தஞ்சாவூர் (மறுபடி): குழந்தை இழுத்துப் போட்டுவிட்டால்? எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மேலேதான் மாட்டியிருக்கிறார்கள்.

குழந்தை இழுத்தால் விழுவது மேசைமேல் இரண்டு காலில் நிற்கும் டிவி. சுவரில் போல்ட் போட்டு மாட்டி, ஒயரைப் பட்டைக்குள் விட்டுவிட்டால் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது.

கும்பகோணம்: நாங்கள் பாய் விரித்துத் தரையில் உட்காருகிறோம். கீழே மாட்டினால் முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது. மேலே மாட்டுவதில் தப்பே இல்லை.

தலை மறைப்பது நியாயமான பிரச்சினை. அதற்கு ஓரடி ஏற்றுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் உட்காருபவரின் கண் இன்னும் கீழே இருக்கிறது, 6 அடியில் மாட்டினால் கழுத்து படும் பாடு அதிகம். படமும் கெடும். எல்சிடி திரையில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலை நேராகப் பார்த்தால் கறுப்பு அழகாக இருக்கும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வெளிறும். ஐபிஎஸ் பேனல் கோணத்தைத் தாங்கும், ஆனால் அதன் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கீழ்நோக்கிச் சாய்க்கக்கூடிய டில்ட் மவுண்ட் வாங்குங்கள்.

தஞ்சாவூர்: பிளக் பாயிண்டும் மேலேதான் இருக்கிறதே.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கீழே இறக்குங்கள், ஒரு நாள் வேலை. என் அம்மா வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு இருந்தார். மாட்டியது நான்தான். டிவியை இரண்டடி இறக்கினேன், அப்புறம் சீரியல் முடியும் வரை நிம்மதியாக உட்காருகிறார். அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈரோடு: ஹால் 12-க்கு 12. எத்தனை இன்ச்?

மேலே திருச்சிக்குச் சொன்னேன். தூரத்தை அளந்து 8-ஆல் பெருக்குங்கள்.

ஓசூர்: ஹால் 11-க்கு 16, எந்த சைஸ்?

ஹால் அளவைச் சொல்லி இன்ச் கேட்பது இது மூன்றாவது. டேப்பை எடுங்கள்.

கோவை: கடையில் ஒரு டிவி மட்டும் பளிச்சென்று இருந்தது. அதையே வாங்கலாமா?

கடையில் பெரும்பாலும் விவிட் மோடில்தான், அதாவது வெளிச்சமும் நிறமும் தூக்கலாக வைத்துத்தான் ஓடும். சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பாருங்கள். தோல் நிறம் இயல்பாகத் தெரிகிற டிவியை எடுங்கள்.

வேலூர்: பெரிய டிவிக்கு வரி குறைந்ததா?

ஆம். 32 இன்ச்சுக்கு மேற்பட்டவற்றுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதம்.

மதுரை: புரொஜக்டர் எப்படி?

என் துறை இல்லை. அதை விற்கிற, பழுது பார்க்கிற ஒருவரிடம் கேளுங்கள்.

கடலூர்: ஸ்டெபிலைசர் தேவையா?

பெரும்பாலான டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்ற இறக்கத்தைத் தாமே சமாளிக்கும். பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் நல்ல ஸ்பைக் கார்டு போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரைச் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் என்னிடம் வரும் டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் (செட்டாப் பாக்ஸ் ஒயரைச் செருகும் இடம்) போனவை பெரும்பாலும் அந்த ஒயர் வழியாக அடி வாங்கியவை.